தேர்தலுக்கு ஒப்படைக்கும் துப்பாக்கி

தேர்தல் தேதி அறிவித்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து வரும் முதல் செய்திக்குறிப்புகளில் ஒன்று துப்பாக்கியைப் பற்றியது. உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெறலாம். வங்கிக் காவலர்களுக்கும் சுடும் போட்டி வீரர்களுக்கும் விலக்கு உண்டு. யாரிடம் கட்டாயம் வாங்கிவைக்க வேண்டும் என்று பார்க்க ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இருக்கும் குழு ஒன்று உண்டு. தூத்துக்குடி, கோவில்பட்டி, திருச்செந்தூர் என்று எல்லாப் பக்கமும் இது நடக்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியில் வந்து போகும். உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான ஏற்பாடு. துப்பாக்கி அதேதான், உரிமமும் அதேதான். வைத்திருப்பவர் மீது புதிதாக எந்தப் புகாரும் வரவில்லை. இருந்தும் அடுத்த இரண்டு மாதத்துக்கு அது அவர் வீட்டில் இருக்கக்கூடாது என்று அரசு சொல்கிறது. ஆபத்து ஆளைப் பொறுத்தது மட்டுமல்ல, காலத்தையும் பொறுத்தது என்று அரசே ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். துப்பாக்கி உரிமத்துக்கு முன்பின் விசாரிப்பது, மனநலச் சான்று கேட்பது ஆகியவற்றைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் ‘இவர் எப்படிப்பட்ட ஆள்?’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. ‘இவருக்கு இது எப்படிப்பட்ட நேரம்?’ என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் இருக்கும் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடையாது. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு ஆகும்வரை கிடையாது. நன்னடத்தைப் பிணை எழுதிக்கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தால், அந்தப் பிணைக்காலம் முடியும்வரை கிடையாது. விண்ணப்பம் வந்ததும் ஆட்சியர் அலுவலகம் உள்ளூர்க் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்க வேண்டும். மனநிலை சரியில்லாதவர், வேறு காரணங்களால் தகுதியற்றவர் என்று ஆட்சியர் கருதினால் மறுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இதோடு ஒரு மருத்துவச் சான்றையும் சேர்த்தன: உடலும் மனமும் நலமாக இருக்கிறார், போதைக்கு அடிமையில்லை என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். மனநல மருத்துவர்தான் என்று இல்லை, எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் தரலாம். அதாவது காய்ச்சலுக்கு ஊசி போடும் டாக்டரே, எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் துப்பாக்கி இருந்தால் ஆபத்தில்லை என்றும் கையெழுத்துப் போடலாம். 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவதைக் குற்றமாக்கினார்கள். இரண்டும் நல்ல காரியம். ஆனால் அதே திருத்தத்தில் உரிமத்தின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டிவிட்டார்கள். முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அரசு அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது. இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. காகிதவேலை குறைந்தது என்று மகிழலாம். எனக்கு இது தவறான திசையில் வைத்த அடியாகவே படுகிறது.

குறைகள் இருந்தாலும் இந்த ஏற்பாட்டால் பயன் இல்லாமலில்லை. மத்திய உள்துறையின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம். உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை நம்முடையதைப் போல் மூன்று மடங்குகூட இல்லை, உரிமங்களோ ஐம்பது மடங்குக்கும் அதிகம். அங்கே தோளில் துப்பாக்கி தொங்குவது கௌரவம். கல்யாண ஊர்வலத்தில் சுட்டு, வேடிக்கை பார்த்தவர்கள் செத்த செய்தி வந்துகொண்டே இருக்கும். இங்கே துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறார் என்றால், இவருக்கு என்ன தேவை வந்தது என்று ஊரே கேட்கும். அந்தக் கேள்விதான் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. எந்த மருத்துவச் சான்றும் அதற்கு ஈடாகாது.

இந்த அரிதான நிலை இயல்பாக வந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முத்துக்குளித்துறைக் கரைக்குத் துப்பாக்கி போர்ச்சுக்கீசியரோடு வந்தது. 1530களில் பரதவர்கள் முத்துச் சலாபங்களைக் காத்துக்கொள்ள போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் துணையைத் தேடினார்கள், துணையோடு ஞானஸ்நானமும் வந்தது. உள்நாட்டிலோ கதை வேறு. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு, 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இரண்டாம் முறை பிடித்துத் தரைமட்டமாக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அந்த ஆண்டு டிசம்பரில் பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதுதான் 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையிலிருந்த பிரவுனிங் கைத்துப்பாக்கி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டது. ஆகவே ‘ஆயுதத்தைப் பிடுங்குவது அடிமைப்படுத்துகிறவன் வேலை’ என்று தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒருவர் சொன்னால் அதில் வரலாற்று நியாயம் உண்டு. ஆனால் 1878 சட்டத்தின் அநீதி அது துப்பாக்கியைக் கட்டுப்படுத்தியதில் இல்லை. தோலின் நிறத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்தியதில் இருந்தது. எல்லோரையும் ஒரே கேள்வி கேட்கும் சட்டத்தின் மீது அந்தக் கோபத்தை ஏற்றிவைக்க முடியாது. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கே இன்று தடை உத்தரவு போடுகிறார்கள், வாளும் வேல்கம்பும் அரிவாளும் கொண்டுவரக்கூடாது என்று. போடுவது லண்டனிலிருந்து வந்த கலெக்டர் அல்ல. போடச் சொல்லும் காரணமும் நம்முடையதுதான்.

அரிவாள் என்றதும் முதல் ஆட்சேபம் வந்துவிடும். இந்தப் பக்கம் கொலைக்குத் துப்பாக்கி எதற்கு, வீச்சரிவாள் போதாதா? துப்பாக்கிக்கு இத்தனை விசாரணை வைத்து என்ன பயன்? உண்மைதான். 2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் பழிக்குப்பழிக் கொலைகள் நடந்தபின் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு மாநிலம் முழுவதும் ரவுடிகளைத் தேடவைத்தார். கைப்பற்றியவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அரிவாளும் கத்தியும். துப்பாக்கிகள் பத்தைத் தொடவில்லை. அப்போது அவர் பிறப்பித்த இன்னொரு உத்தரவுதான் என்னை யோசிக்க வைத்தது: அரிவாள் செய்து விற்கும் பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் வாங்குகிறவரின் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான வெட்டும் கருவிகளும் ஆயுதம்தான், ஆனால் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் உரியவற்றுக்கு விலக்கு. வாழைத்தார் வெட்டுவதும் அரிவாள், ஆளை வெட்டுவதும் அரிவாள். அதற்கு உரிமம் போட முடியாது என்பதால்தான் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் வந்து நின்றார்கள். வேறு எந்தப் பயனும் இல்லாத ஆயுதத்துக்கு, வாங்கும்போதே கேள்வி கேட்கும் வசதி நமக்கு இருக்கிறது. அரிவாளுக்கு இல்லாத அந்த வசதியை, அரிவாளைக் காரணம் காட்டித் துப்பாக்கிக்கும் விட்டுக்கொடுப்பது என்ன நியாயம்? இன்னொன்று, அரிவாளால் ஒருவரைக் கொல்ல அவர் பக்கத்தில் போக வேண்டும், தடுக்க நாலு பேர் வரலாம், ஓடித் தப்பலாம். அமெரிக்காவில் நடப்பதுபோல் ஒருவன் தனியாக நின்று ஒரு பள்ளிக்கூடத்தையே அழிப்பது அரிவாளால் முடியாது. நம் ஊரின் பகையும் சாதிக் கோபமும் அமெரிக்காவைவிடக் குறைந்ததல்ல. குறைவாக இருப்பது அந்தக் கோபத்தின் கைக்கு எட்டும் துப்பாக்கிகள்.

கள்ளத் துப்பாக்கியும் நாட்டு வெடிகுண்டும் வைத்திருப்பவன் எந்தக் கலெக்டரிடம் மனு போட்டான் என்று அடுத்து கேட்பார்கள். 2020 ஆகஸ்ட் 18 அன்று வல்லநாடு அருகே மணக்கரையில், இரட்டைக் கொலை வழக்கில் தேடப்பட்டவரைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீசப்பட்டு உயிரிழந்தார். வீசியவருக்கு எந்த முன்விசாரணையும் தடையாக இருக்கவில்லை. இதற்கு என் பதில், உரிம முறை எல்லாக் குற்றத்துக்கும் மருந்து என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான். கள்ளச்சந்தையை ஒழிப்பது காவல்துறையின் வேலை, அது தனி. ஆனால் உரிமத் துப்பாக்கி பெருகிய இடத்தில்தான் தோட்டா கசியும், பழுதுபார்க்கும் பட்டறை பெருகும், திருட்டுப்போன துப்பாக்கி கைமாறும். சட்டப்பூர்வமான சந்தை சிறியதாக இருக்கும் மாநிலத்தில் கள்ளச்சந்தைக்கும் தீனி குறைவு.

தற்காப்புக்காகக் கேட்பவர்களின் வாதம் இதைவிடக் கனமானது, அதை அப்படித் தள்ளிவிட முடியாது. 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், தாமிரபரணி மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக, பட்டப்பகலில் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நேர்மையாக வேலை பார்த்த அரசு ஊழியர் ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே வெட்டப்படும் ஊரில், கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று மனம் நினைக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த ஆண்டு சென்னை பெரம்பூரில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் அரிவாள்களோடு வந்த கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்து, ஜூனில் திரும்பப் பெற்றிருந்தார் என்று காவல்துறை தெரிவித்தது. உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்த மனிதர், துப்பாக்கியும் திரும்பக் கையில் வந்துவிட்டது, ஆனாலும் காப்பாற்றவில்லை. தாக்க வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்து வருகிறான், தாக்கப்படுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. முறப்பநாட்டுக்கு வேண்டியிருந்தது, புகார் கொடுத்தவரை மிரட்டியவனை உடனே பிடித்து உள்ளே வைக்கும் காவல் நிலையம். அது கிடைக்காததற்கு ஈடாகக் கிராம நிர்வாக அலுவலர் கையில் ரிவால்வரைக் கொடுப்பது அரசு தன் பொறுப்பை அவர் தலையில் கட்டுவதாகும்.

பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்கும் கரிசல் விவசாயிகளின் கோரிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. பயிர்க்காவலுக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்திலேயே இடமுண்டு. பன்றியைச் சுட அனுமதி வேண்டும் என்பது அதிலிருந்து வேறுபட்ட, வனத்துறை சம்பந்தப்பட்ட கேள்வி. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி கொடுப்பதைவிட இது மேல்.

இனி மனநலத்துக்கு வருவோம். இங்கேதான் பொதுப் பேச்சு அதிகம் வழிதவறுகிறது. எங்காவது ஒருவன் கூட்டத்தைச் சுட்டான் என்றால் ‘பைத்தியக்காரன் கையில் துப்பாக்கி கொடுத்தால் இப்படித்தான்’ என்பார்கள். 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரை ஒரு மாணவன் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் ஒருவர் கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். நீரியலில் பேர்பெற்றவர், வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். சுட்டவன் துப்பாக்கியைச் சட்டப்படி கடையில் வாங்கியிருந்தான், கணினியில் நடந்த பின்னணிச் சோதனையிலும் தேறியிருந்தான். ஆனால் அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே, 2005 டிசம்பரில், அவன் தனக்குத்தானே ஆபத்தானவன் என்று ஒரு நீதிமன்றம் கண்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தது. மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிட்டால்தான் தேசியப் பட்டியலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று வர்ஜீனியா மாநிலம் பொருள்கொண்டிருந்தது. அதனால் அவன் பெயர் பட்டியலுக்குப் போகவில்லை. மறு ஆண்டே இந்தத் தகவல் ஓட்டையை அடைக்க அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. இந்தக் கதையிலிருந்து பலரும் எடுக்கும் பாடம்: மனநோயாளிகளின் பட்டியல் ஒன்று போடு, அதில் இருப்பவருக்குத் துப்பாக்கி தராதே. எனக்குப் படுவது வேறு. நீதிமன்றத்தின் முன் வந்திருந்தது ஒரு நோயின் பெயர் மட்டுமல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குறிப்பிட்ட மனிதன் அபாயத்தில் இருக்கிறான் என்ற செய்தி வந்திருந்தது. தொலைந்துபோனது அந்தச் செய்தி.

நோயின் பெயரை வைத்துப் பட்டியல் போட்டால் என்ன ஆகும்? டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறவர். கடுமையான மனநோய்கள் அத்தனையையும் நாளையே குணப்படுத்திவிட்டாலும் சமூகத்தின் வன்முறை ஏறத்தாழ 4 சதவீதம்தான் குறையும் என்பது அவர் காட்டிய கணக்கு. மீதி 96 சதவீதத்தைச் செய்வது மனநோய் இல்லாத, குடித்த, கோபப்பட்ட, பழிவாங்கத் துடிக்கிற, மனைவியை அடிக்கிற மனிதர்கள். நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்தம் தவறியவர் என்று ஆகிவிடாது, அதை நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். ஆயுதச் சட்டமோ 1959இன் மொழியிலேயே நின்று, சித்தம் தவறியவருக்கு உரிமம் மறுக்க வேண்டும் என்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போகிறவரை இந்த ஏற்பாடு பயமுறுத்துகிறது. டாக்டரிடம் போனால் நாளைக்கு எதற்காவது கேட்பார்களோ என்று அவர் போகாமலே இருந்துவிடலாம். இன்னொரு பக்கம், எந்த டாக்டரிடமும் போகாத, இரவில் குடித்துவிட்டு வீட்டை அதிரவைக்கிற ஆள் சுத்தமான சான்றோடு உரிமம் வாங்கிப் போகிறார். சான்று யாரைப் பிடிக்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, யாரைத் தொடக்கூடாதோ அவரைத் தொடுகிறது.

அப்படியானால் துப்பாக்கிக்கும் மனநலத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது கொலையைவிடத் தற்கொலையில் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். தற்கொலை எண்ணம் பெரும்பாலும் வந்து போகிற ஒன்று. அந்தச் சில மணி நேரத்தில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. இதற்குச் சிறந்த சான்று மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகத்திலேயே மிக அதிக விகிதங்களில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது, 1995, 1998, பிறகு 2008 முதல் 2011 வரை. 2015இல் அந்த விகிதம் 14 வாக்கில் வந்து நின்றது. இடையில் அந்தத் தீவு அமைதியாகவோ செழிப்பாகவோ இருக்கவில்லை. போர் நடந்தது, சுனாமி வந்தது, கடன் கூடியது. மனங்கள் ஆறுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்த கொடிய நஞ்சு மட்டும் இல்லாமல் போனது, பலருக்கு அந்த இரவைத் தாண்ட அதுவே போதுமாக இருந்தது. நஞ்சு குடித்தவரைப் பல நேரம் ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட முடிகிறது. துப்பாக்கி அந்த இரண்டாம் வாய்ப்பை அநேகமாகத் தருவதில்லை.

துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது போதாது என்பதற்கும் நம்மிடையே துயரமான எடுத்துக்காட்டு உண்டு. 2023 ஜூலை 7 அன்று கோவைச் சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் தன் பாதுகாவலரின் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்தார் என்று காவல்துறையே சொன்னது. திறமையான அதிகாரி, வெளிப்படையாகச் சிகிச்சை பெற்றவர். அவருக்கு எந்தச் சான்றும் மறுக்கப்பட வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது, அந்த வாரங்களில் அவரைச் சுற்றி எட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்வது. உரிமம் அப்பா பெயரில் இருக்கும், மனம் உடைந்திருப்பது மகனாக இருக்கலாம். நம் படிவங்கள் விண்ணப்பதாரரை மட்டுமே கேட்கின்றன, அந்த வீட்டைக் கேட்பதில்லை.

தேர்தல் நேரத்து ஏற்பாட்டை நான் முக்கியமானதாக நினைப்பது இதனால்தான். ஒரு கெட்ட காலம் முடியும்வரை துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்ததும் திருப்பித் தருவது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1999இல் இதையே குடும்பச் சூழலுக்குக் கொண்டுவந்தது. ஒருவர் தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து என்று காவலர்கள் நீதிபதியிடம் காட்டினால், குறிப்பிட்ட காலத்துக்குத் துப்பாக்கியை எடுத்துவைக்கலாம். அங்கே இப்படி எடுத்துவைத்த ஒவ்வொரு பத்து, இருபது சம்பவங்களுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டது என்று ஸ்வான்சன் குழு 2017இல் மதிப்பிட்டது. நமக்குப் புதிதாகச் சட்டம்கூட வேண்டியதில்லை. ஆயுதச் சட்டம் 17ஆம் பிரிவின்படி பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவைப்பட்டால் ஆட்சியர் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம். மனைவி குடும்ப வன்முறைப் புகார் கொடுத்தால், தற்கொலைக்கு முயன்றவர் வீட்டில் உரிமத் துப்பாக்கி இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டினால், ஆறு மாதம் துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கட்டும் என்று ஆட்சியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அந்த ஆறு மாதத்தில் வீட்டில் நிலைமை மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதை வைத்துப் பழிவாங்குவார்களே என்பது நியாயமான பயம். மொட்டைப் பெட்டிசன் எழுதுவதில் நம்மவர்கள் கைதேர்ந்தவர்கள். பங்காளிச் சண்டையிலும் சாதிப் பகையிலும் ‘அவன் மனநிலை சரியில்லை’ என்று எழுதிப் போட ஆள் கிடைக்கும், காவல் நிலையத்திலும் அதற்குக் காது கொடுக்க ஒருவர் இருக்கலாம். அதனால்தான் நோயின் பெயர் இதில் வரவே கூடாது என்கிறேன். பதிவான புகார், நேரில் பார்த்த சாட்சி, மருத்துவமனைப் பதிவு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், பெயரில்லாத மனு கணக்கில் வரக்கூடாது, காலக்கெடு தானாக முடிய வேண்டும். தவறாக ஒருவரின் துப்பாக்கியை ஆறு மாதம் வாங்கிவைத்தால் அவருக்கு ஏற்படும் இழப்பு சங்கடம்தான். தேர்தல்தோறும் எந்தத் தப்பும் செய்யாதவர்கள் அந்தச் சங்கடத்தை முணுமுணுக்காமல் ஏற்கிறார்கள்.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி எழுதிவிட்டு 2018 மே 22ஐத் தொடாமல் போக முடியாது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் போனவர்கள் மீது அன்றும் அதைத் தொடர்ந்தும் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அரசாங்கத்திடம் துப்பாக்கி இருக்கும்போது மக்களிடமும் இருக்க வேண்டாமா என்ற கேள்வி அந்த நாளிலிருந்து பிறக்கக்கூடும். நான் அதை மறுக்கிறேன். இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு அவசியமே இருக்கவில்லை என்று கண்டு, 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அப்படி ஓர் ஆணையம் எழுத முடிந்ததற்குக் காரணமே கூட்டத்தின் கையில் துப்பாக்கி இல்லாததுதான். ஒரே ஒரு நாட்டுத் துப்பாக்கி அங்கே வெடித்திருந்தால் செத்தவர்கள் இன்னும் அதிகம், நியாயம் சுட்டவர்கள் பக்கம் போயிருக்கும். ஆனால் அந்த நாள் எழுப்பும் இன்னொரு கேள்வியை ஏற்கிறேன். பயிர்க்காவலுக்குப் பழைய துப்பாக்கி கேட்கும் விவசாயியிடம் மருத்துவச் சான்று கேட்கிறோம். ஓய்வில்லாமல் பந்தோபஸ்து நின்று, விடுப்பு மறுக்கப்பட்டு, கூட்டத்தின் முன் துப்பாக்கியோடு நிறுத்தப்படும் காவலரின் மனநிலையை யார் எப்போது பார்த்தார்கள்? நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று தமிழகத்தில் நடக்கிறது, நல்லதுதான். பயிற்சி வகுப்பு ஒன்று, துப்பாக்கியைக் கொடுக்கும் முன் இன்றைக்கு இவரிடம் கொடுக்கலாமா என்று கேட்பது வேறொன்று. இந்தக் கேள்வி உரிமம் வாங்கியவருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு சீருடைக்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ உரிமத் துப்பாக்கி இருந்து, அங்கே யாராவது மனம் உடைந்தோ குடியில் விழுந்தோ இருந்தால், எந்த உத்தரவும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ பாதுகாப்புக்காக ஒப்படைத்து ரசீது வாங்க விதிகளில் இடமிருக்கிறது, அதனால் உரிமம் பறிபோகாது. பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழக அரசின் 104இலும் இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.